மல்லாட்டைக் கொல்லையில் ஒரு தர்கா

“நம்ம கொல்லையில தர்கா மொளைச்சிருக்குது. பாரு” என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் விளையாட்டாகப் பேசுகிற ஆள் இல்லை. ஊருக்குள் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்கப் பஞ்சோடு இருந்தும் வாயில் வருவது மட்டும் கல்லாகத்தான் வரும். செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். படத்தில் எங்கள் கொல்லை தெரிந்தது. அதன் கோடியில் குள்ளர் மேடு என்று ஊரில் சொல்கிற மண்மேடும், மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கல்வட்டமும் தெரிந்தன. வட்டத்தில் ஒரு கல்லுக்கு யாரோ பச்சை ஜாக்கெட் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எதிரே ஊதுபத்தி புகைந்தது. வெற்றிலைமேல் கொஞ்சம் சர்க்கரை. படத்தை அவருக்கு அனுப்பியவர் ‘புது தர்கா, சக்தியுள்ள இடம்’ என்று எழுதிக் கூடவே ஒரு கும்பிடும் போட்டிருந்தார்.

“யாரு பண்ண வேலை இது?” என்றார்.

எனக்குத் தெரியும். துணியைக் கட்டியது நானில்லை. ஆனால் கட்டவேண்டும் என்று ஒருத்திக்குத் தோன்றியதற்குக் காரணம் நான்தான். வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த நிலம் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி இருக்கிறது. என்னைப் பெற்ற அத்தா எனக்குப் பங்காகக் கொடுத்தது. பட்டா என் பெயரில்தான். வானம் பார்த்த பூமி. மல்லாட்டை போடுவோம், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கொல்லையின் கோடியில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு. அதைச் சுற்றிப் பாதி மண்ணில் புதைந்த பாறைகள் வட்டமாக இருக்கும். அதை யாரோ எப்போதோ புதையலுக்காகத் தோண்டி நாசம் பண்ணியிருந்தார்கள். நடுவில் பெரிய பள்ளம், பள்ளத்தில் சாராய பாட்டில், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள். அதற்குச் சற்றுத் தள்ளித்தான் அந்தச் சின்ன வட்டம் இருந்தது. மேடு என்று சொல்லமுடியாது, லேசான புடைப்பு. நான் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்தால் பாதம் எதிர்க் கல்லில் இடிக்கும். அதை மட்டும் யாரும் தொடவில்லை.

களை வெட்ட வருகிற பெண்கள் அதன் பக்கம் களைக்கொத்தை ஓங்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் குள்ளர்கள் என்று ஒரு சனம் இருந்ததாம். தீமழை பெய்யப்போகிறது என்று தெரிந்து, கல்லால் வீடு கட்டி, பெண்டு பிள்ளைகளோடு உள்ளே போய் மூடிக்கொண்டார்களாம். மழை பெய்து ஓய்ந்தது. யாரும் வெளியே வரவில்லை. “இன்னும் உள்ளதான் கீறாங்க பாயம்மா” என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். களைக்கார பெண்களைக் கூட்டிக்கொண்டு வருகிற மேஸ்திரி அவள்தான். சொல்லிவிட்டுக் குதிகாலால் தரையைத் தட்டிக் காட்டினாள். மற்ற இடத்தில் தட்டினால் வராத ஒரு சத்தம் வந்தது. கீழே யாரோ வெறும் குடத்தைக் கவிழ்த்து வைத்தது மாதிரி. அந்தச் சத்தத்தை அன்றைக்கு நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாத்திரம் தேய்க்கும்போதும் அது கேட்டது.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்குப் பெயர் வைத்தோம். அதை இங்கே எழுதமாட்டேன்.

கார்த்திகை தீபத்தன்று பிறந்தாள். மலைமேல் தீபம் ஏற்றுகிற அன்று எங்கள் ஊருக்குள் ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. நான் ஊருக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். காலையில் பிறந்தவள் மதியத்துக்குமேல் இல்லை. நல்ல மழை வேறு. எங்கள் வீட்டு மனிதர்கள் எல்லாரும் அடக்கமாகியிருக்கிற கபர்ஸ்தான் ஊருக்குள் இருக்கிறது. எல்லாத் தெருவிலும் தடுப்புக் கட்டை, சனம். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பிள்ளையை ஆட்டோவில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போனாலும் போலீஸ் திருப்பிவிட்டது. கடைசியில் அவர்கள் வெளியூர் ரோட்டில் போய், ஏதோ ஒரு கிராமத்துக் கபர்ஸ்தானில் கேட்டு, இருட்டுவதற்குள் அடக்கம் பண்ணிவிட்டு வந்தார்கள்.

எங்களில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. ஆண்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், குழியில் வைப்பார்கள், வந்தவர்கள் ஒவ்வொருவரும் மூன்று கைப்பிடி மண் போடுவார்கள். நாங்கள் வீட்டில் இருப்போம். நான் கட்டிலில் இருந்தேன். அவர் நனைந்த சட்டையோடு வந்து நின்று, “பத்திரமா வெச்சுட்டோம்” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ரொம்ப வருஷம் கழித்து ஒரு தரம் கேட்டேன். அவர் எழுந்து, சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு, கடைக்குப் போய்விட்டார். பிறகு எனக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். வளர்ந்து வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். ஒரு குறையும் இல்லை. ஆனால் என் மகள் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. இந்தத் தெரியாமை ஒரு நாளும் என்னை விட்டு இறங்கவில்லை.

அத்தா மவுத்தாகி, அடக்கமெல்லாம் முடிந்த பிறகு கொல்லையைப் பார்த்துக்கொள்ள நான் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் உச்சிவெயிலில் கால் ஓய்ந்துபோய் அந்தச் சின்ன வட்டத்துக் கல்லில் உட்கார்ந்தேன். சுற்றி யாருமில்லை. பெண்கள் தூரத்தில் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று நின்றது. அப்போது என் மார்பு கனத்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தெரியும், பால் கட்டும்போது ஒரு வலி வரும், அந்த வலி. அந்த வயது தாண்டி எத்தனையோ வருஷமாகிவிட்ட உடம்பு என்னுடையது. ரவிக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பயம் வந்தது. எழுந்து வரப்பில் நடந்தேன். பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்திருப்பது மாதிரி இருந்தது. முள்ளாக இருக்கும் என்று திரும்பினேன். முள் இல்லை, முந்தானை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பயந்தவள் மறுபடி போகக்கூடாது அல்லவா? நான் போனேன். வாரம் தவறாமல் போனேன். என் மகள் அங்கே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு ஒன்றும் பைத்தியம் பிடித்துவிடவில்லை. ஆனால் போய் உட்கார எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. கபர்களைக் கடந்துபோகிறவர்கள் உள்ளே இருப்பவர்களுக்கு ஸலாம் சொல்லவேண்டும். நான் சொன்னேன். பிறகு கையேந்தி துஆ கேட்டேன். ஒவ்வொரு தடவையும் மார்பு கனத்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது முந்தானை இழுபட்டது. பழகிப்போய், மெதுவாக நடக்க ஆரம்பித்தேன், சின்னக் கால்களுக்கு எட்டுகிற மாதிரி.

இதையெல்லாம் வேப்பமரத்தடியிலிருந்து மேஸ்திரி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பார்த்தவள் கணக்குப் போட்டாள். பாயம்மா வாராவாரம் வருது, முக்காடு போடுது, கையேந்துது, அழுவுது. அப்படியென்றால் உள்ளே இருப்பது குள்ளர் இல்லை, பாயம்மா சாமி. எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு தர்கா அன்னியமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் மாரியம்மன் கோயிலுக்கும் போவார்கள், தர்காவில் மந்திரிக்கவும் வருவார்கள். மேஸ்திரியின் மகள்வயிற்றுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் விட்டது. துணி வாங்கிக் கட்டிவிட்டாள். அவ்வளவுதான், அடுத்த பௌர்ணமிக்குள் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் சர்க்கரை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் நிலத்தை மனை போடுகிற ஒருவருக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார். எனக்கும் வயசாகிறது, பையன்கள் விவசாயம் பார்க்கப்போவதில்லை என்று நானும் அரைமனசாகத் தலையாட்டியிருந்தேன். மேட்டையும் வட்டத்தையும் சமப்படுத்த ஜேசிபி வந்தது. டிரைவர் இறங்கினார், பச்சைத் துணியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வேறு டிரைவர் வந்தார். அவரும் அப்படியே. இரண்டாமவர் போகும்போது கொஞ்சம் சர்க்கரையும் வாயில் போட்டுக்கொண்டு போனாராம்.

“கபரை வணங்கக்கூடாதுன்னு ஜும்மாவுல கேட்டுட்டு வர்றவன் நானு. என் பொண்டாட்டி கொல்லையில தர்கா! ஜமாத்துல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஒக்காருவேன்?” என்று அவர் குதித்தார். தானே கடப்பாரையோடு போய் அந்தக் கல்லைப் பெயர்த்துப் போடுவதாகச் சொன்னார். அவர் சொன்னால் செய்வார்.

அவரை முந்திக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. செல்போன் செல்போனாகச் சுற்றிய அந்தப் படம் தொல்லியல் துறையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் கைக்கும் போயிருக்கிறது. எல்லாரும் துணியைப் பார்த்தார்கள். அவள் துணிக்குப் பின்னால் இருந்த கல்வட்டத்தைப் பார்த்திருக்கிறாள். சின்னப் பெண், வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தாள். எங்கள் இருவரையும் கொல்லைக்கு வரச்சொல்லி, வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“இது தர்கா இல்ல சார், கவலைப்படாதீங்க. இரும்பு புழக்கத்துக்கு வந்த காலத்துல, செத்தவங்களுக்காக வெச்ச ஈமச்சின்னம். இந்தப் பக்கம் நெறைய இருந்திருக்கு. பாதிக்குமேல கல்லு ஒடைக்கவும் மனை போடவும் போயிடுச்சு. இத காப்பாத்தணும்.”

“காப்பாத்துங்க. நாங்க இன்னா வேணாம்னா சொன்னோம்?” என்றேன்.

அவள் தயங்கினாள். பிறகு சொன்னாள். வெறும் வயல் கல்லைக் குவித்ததா, ஈமச்சின்னமா என்று நிரூபிக்காமல் பாதுகாப்புக்குப் பரிந்துரைக்க முடியாது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நிரூபிக்கவேண்டுமென்றால் திறந்து பார்க்கவேண்டும். பெரிய மேட்டைத் திருடர்கள் கலைத்துவிட்டதால் அதில் ஒன்றும் தேறாது. கலையாமல் இருப்பது சின்ன வட்டம்தான். “நில உரிமையாளர் நீங்கதான் மேடம். நீங்க சம்மதிச்சா தொறக்கலாம்.”

விட்டால் கடப்பாரை. காப்பாற்றவேண்டுமென்றால் தோண்டவேண்டும். தரையைப் பார்த்தேன். கொத்தைக்கூட ஓங்காத இடம்.

“வேணாம். தொறக்க வேணாம்” என்றேன்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். அவர் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் கேட்டார்.

“அங்க யாரு இருக்கான்னு நெனச்சி நீ போற?”

நான் சொன்னேன். மகளின் பெயரைச் சொன்னேன். அத்தனை வருஷத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பெயர் அன்றைக்குத்தான் சத்தமாக வந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“நீ கேட்டப்போ நான் சொல்லல. எப்படிச் சொல்றது? அடுத்த வெள்ளிக்கெழமையே போனேன். மழ விடாம பேஞ்சிருந்தது. மண்ணு கரைஞ்சி ஒரே சேறு. நாங்க வெச்ச மேடு இல்ல. எந்த எடம்னு தெரியல. அண்ணனுக்கும் தெரியல. இப்பவும் போறேன். அங்கயும் இங்கயும் நின்னு, மொத்தமா எல்லாருக்கும் துஆ பண்ணிட்டு வந்துடுறேன்.”

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருக்கிறார். வரவில்லை. கடை கணக்கு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன எத்தனையோ மத்தியானங்களில் இந்த மனிதன் சேற்றுத் தரையில் நின்று மகளைத் தேடியிருக்கிறான். அதை நினைத்து அழுதேன். அவரும் அழுதார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அந்தத் தொல்லியல் துறைப் பெண்ணுக்கு போன் போட்டுச் சரி என்றேன். காவல் இல்லாத மேடு என்ன ஆகும் என்பதை என் வீட்டுக்காரர் வாயால் கேட்ட பிறகு வேறென்ன சொல்வது? அவரும் மனைக்காரரிடம் அந்தக் கோடியை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டார்.

திறந்த நாட்களில் நான் கூடவே இருந்தேன். மேஸ்திரியும் அவள் பெண்களும்தான் அன்னக்கூடையில் மண் வாரினார்கள். முதலில் துணியை அவிழ்க்கமாட்டேன் என்று மேஸ்திரி அடம்பிடித்தாள். நான் அவிழ்த்து என் பையில் மடித்து வைத்துக்கொண்டேன். மண்வெட்டி போய்க் கரண்டி வந்தது. கரண்டி போய் பிரஷ் வந்தது. ஒவ்வொரு அடுக்கு மண்ணும் போகப் போக நான் குழிக்கு இன்னும் கிட்டே போனேன். உள்ளே ஒரு பிள்ளை இருந்தால்? யாரோ ஒருத்தி, முந்தி ஒரு காலத்தில், பத்திரமாக வைத்துவிட்டுப் போன பிள்ளையை வெயிலில் எடுத்து வைக்க நான் யார்? இரண்டு தரம் நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

ஒரு பலகைக் கல் வந்தது. அதைக் கயிறு போட்டு நகர்த்தினார்கள். கீழே நான்கு பக்கமும் கற்பலகை நிறுத்தி, பெட்டி மாதிரி ஒரு அறை. தொட்டில் அளவுதான் இருக்கும். அந்த வெற்றிடம்தான் அத்தனை நாளும் கால் தட்டும்போது சத்தம் கொடுத்திருக்கிறது. உள்ளே சலித்த மாதிரி மெல்லிய மண் படிந்திருந்தது. மண்ணுக்குள் ஒரு சின்னப் பானை, அதன் வாய்மேல் கவிழ்த்த ஒரு கிண்ணம். கிண்ணம் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அத்தனை காலத்துக்குப் பிறகும் பளபளத்தது. அந்தப் பெண் மண்ணைச் சல்லடையில் போட்டு அலசினாள். பானைக்குள் இருந்த மண்ணையும் அலசினாள். மறுபடி அலசினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“இல்லன்னா?”

“எலும்பு இல்ல. சாம்பல் இல்ல. ஒரு பல்லுகூட இல்ல. மண்ணே அரிச்சிருக்கலாம். ஆனா இது கலையாத அறை. எனக்கு என்ன தோணுதுன்னா, இதுக்குள்ள ஒடம்பே வெக்கல. வெளியூர் போய் செத்தவங்க, ஆத்துல போனவங்க, ஒடம்பு கெடைக்காதவங்க இருப்பாங்க இல்ல? அவங்களுக்கும் ஒரு எடம் வேணும்னு வெறுமனே பானைய வெச்சி மூடியிருப்பாங்க. நிச்சயமா சொல்ல முடியாது. அப்படி இருக்கலாம்.”

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எந்தக் காலத்திலோ, என் பாஷை தெரியாத, என் இறைவனைத் தெரியாத ஒருத்தி, கைக்குக் கிடைக்காத பிள்ளைக்காகத் தொட்டில் அளவுக்குக் கல்லடுக்கி, கிண்ணம் கவிழ்த்து, சுற்றிக் கல் நட்டிருக்கிறாள். போய் உட்கார ஒரு இடம் வேண்டியிருந்திருக்கிறது அவளுக்கும். நான் சரியான இடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன். வாய்விட்டு அழுதேன். அந்தப் பெண் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இப்போது அங்கே நீலப் பலகை நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட இடம், சேதப்படுத்தினால் தண்டனை என்று எழுதியிருக்கிறது. பெரிய மேட்டையும் சின்ன வட்டத்தையும் சேர்த்துக் கம்பி வேலி போட்டுக் கதவுக்குப் பூட்டும் போட்டுவிட்டார்கள். சாவி என்னிடம் இல்லை. சுற்றி மனைக்கற்கள் வந்துவிட்டன. நான் வேலிக்கு வெளியே நின்றுதான் ஸலாம் சொல்கிறேன். மார்பு இன்னும் கனக்கிறது. திரும்பும்போது முந்தானையை மட்டும் இப்போது யாரும் பிடிப்பதில்லை.

வேலி வருவதற்கு முன்னால், குழியை மூடிய நாளில் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து ஒரு மூட்டை இலவம்பஞ்சு கொண்டுவந்தார். பானையும் கிண்ணமும் மியூசியத்துக்குப் போகிற வழியில் உடையக்கூடாது என்றார். எங்கள் ஊரில் மையத்துக்கு, அதாவது இறந்தவர் உடம்புக்கு, வைக்கிற பஞ்சு அவருடைய கடையிலிருந்துதான் போகும். அதைப் பிரித்துக் கொடுக்கிற அதே கையால் கிண்ணத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சை ஒற்றினார். ஜீப் போனது. பலகைக் கல்லைத் திரும்ப மூடினார்கள். மண்ணைத் தள்ளிவிட மேஸ்திரி மண்வெட்டியை எடுத்தாள்.

“இரும்மா” என்று அவர் தடுத்தார். என்னைப் பார்த்துக் குழியின் ஓரத்தில் இடம் விட்டு ஒதுங்கி நின்றார். “மொதல்ல நீ போடு.”

நான் குனிந்து மண்ணை அள்ளினேன். சூடாக இருந்தது. மூன்று தடவை போட்டேன். பலகைமேல் விழுந்த சத்தம் மூன்று தடவையும் கேட்டது. என் பக்கத்தில் மண்டி போட்டு அவரும் மூன்று தடவை போட்டார்.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. உள்ளே குள்ளரா, பாயம்மா சாமியா, கடைசிவரைக்கும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவரிடமே கேட்டுவிட்டாள்.

“உள்ள யாரு பாய் இருந்தது?”

அவர் எழுந்தார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை.

“எங்க பொண்ணும்மா” என்றார்.

மேஸ்திரி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் ஒரு பிடி மண் அள்ளினாள்.